புதுப்பிப்பு: ஏர் ரைபிளுக்கு லேசர், பச்சை 520 தான் சரிவந்தது

கடலூரில் வீட்டுக்குப் பின்னால் காகித டார்கெட் சுடும் .177 (4.5 மி.மீ. குண்டு) ஸ்பிரிங் ஏர் ரைபிளில் குறிபார்க்கச் சிவப்பு லேசரா, பச்சையா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பச்சைதான் வாங்கினேன். சிவப்பு (650 நானோமீட்டர்) நம்ம ஊர்ப் பகல் வெயிலில் 10 மீட்டரிலேயே கண்ணுக்குத் தெரியவில்லை, நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டேன். பச்சையிலும் 532 நானோமீட்டர் வேண்டாம், அது சூடு குளிருக்கு வெளிச்சம் கூடிக் குறையும், நேரடி டயோடு (டயோடே நேராகப் பச்சை ஒளி தரும் வகை) 520 எடுங்கள் என்று புதுச்சேரி அண்ணன் ஒருவர் சொன்னாரே, அந்த யோசனைதான் பலித்தது. மாலை வெயிலில் புள்ளி நன்றாகத் தெரிகிறது, உச்சி வெயிலில் அதுவும் மங்கல்தான்.

மவுண்ட்டை, அதாவது லேசரை ரைபிளில் பொருத்தும் பிடியை, கவனியுங்கள். என் ரைபிளில் இருப்பது 11 மி.மீ. டவ்டெயில் (மேலே வெட்டிய குறுகிய பள்ளத் தடம்), லேசர் கிளாம்ப்போ பிக்காட்டினிக்கு (குறுக்கே வெட்டுகள் உள்ள அகலமான தடம்). நடுவில் அடாப்டர் போட்டேன். ஸ்பிரிங் ரைபிள் பின்னாலும் முன்னாலும் உதைப்பதால் நகராமல் பிடிக்கும் ஸ்டாப் ஸ்க்ரூ உள்ள அடாப்டராகவே வாங்குங்கள், இல்லையென்றால் மெல்ல நகர்ந்துவிடும்.

எதிர்பாராதது: லேசர் குழலுக்கு 4 செ.மீ. கீழே இருக்கிறது. 10 மீட்டருக்கு ஜீரோ செய்தால் (அந்தத் தூரத்தில் குண்டு புள்ளியிலேயே படும்படி சரிசெய்தால்) 20 மீட்டரில் குண்டு புள்ளிக்கு 4 செ.மீ.க்கும் அதிகமாகக் கீழே விழுகிறது, கதிர் மேலேறிப் போக, குண்டு தாழ்ந்துகொண்டே போகிறது. அதனால் ஒரே தூரத்தில் சுடுபவர்களுக்குத்தான் இது.

அப்புறம், 10 மீட்டர் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்கள் வாங்க வேண்டாம். அங்கே லேசருக்கு அனுமதி இல்லை, பீப் சைட்தான் (சின்னத் துளை வழியே குறிபார்ப்பது).