கதிர் இருந்தது, மணி இல்லை: 2022 மார்ச் வெயில் அனுபவங்கள்

லூதியானா மாணவி:
அந்த மார்ச்சைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 1901 முதல் உள்ள பதிவுகளில் அவ்வளவு சூடான மார்ச் இந்தியாவில் இல்லை. ஏப்ரல் தொடக்கம், பஞ்சாபில் லூதியானா பக்கத்துக் கிராமம், ஒரு பெரியவரின் கோதுமை வயல். டிசம்பரில் விதைத்தது. வரப்பில் நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. அவர் ஒரு கதிரை ஒடித்து உள்ளங்கையில் கசக்கி ஊதினார். உமியோடு சேர்ந்து பாதி மணியும் பறந்துவிட்டது. மிச்சம் சீரகம் மாதிரி சுருங்கிக் கிடந்தது. "ஏக்கருக்கு எவ்வளவு வரும், மகளே?" என்றார். அவருக்குத் தெரியாததா? ஆனாலும் என்னிடம் கேட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கன்னா மண்டி:
நான் அப்போது பஞ்சாபின் கன்னா தானிய மண்டியில் அரசு கொள்முதல் பக்கம். சூம்பிய மணிக்கு வரம்பு 6 சதவீதம். மே நடுவில்தான் 18 வரை வாங்கலாம் என்று தளர்த்தினார்கள். சலித்துக் கொட்டிய சூம்பல் மணிகளை ஒருவர் விரலால் பொறுக்கி நல்ல குவியலுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். வாயே திறக்கவில்லை.
சரி, ஆனால் டிசம்பரில் விதைத்தால் இதுதான் நடக்கும். நவம்பர் முதல் பாதியில் விதைத்தால் பிப்ரவரி கடைசிக்குள் பூத்துவிடும், மணி நிதானமாக நிரம்பும். தள்ளிப்போனால் பால் பிடிக்கும்போதே 35 டிகிரி. பயிர் அவசரமாக முற்றும், மாவு சேர நாள் இருக்காது. தாமதமானால் குறுகிய வயது ரகம் போடுங்கள், விதையைக் கூட்டுங்கள். கதிர் வெளிவரும் முன்பு ஒரு முறையும் பூக்கும்போது ஒரு முறையும் வெயிலைத் தாங்க 2 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் உரக் கரைசல் தெளியுங்கள். மார்ச்சில் லேசாக ஒரு தண்ணீர், அதுவும் காற்றில்லாத நேரம் பார்த்து. இல்லாவிட்டால் பயிர் சாய்ந்துவிடும்.

கர்னால்காரன்:
கன்னா சார், யார் வேண்டுமென்று தாமதிக்கிறார்கள்? நெல் அறுத்த வயலில்தானே கோதுமை விதைக்கிறார்கள். நிலத்தடி நீருக்காக 2009-இல் சட்டம் போட்டு, பஞ்சாபில் ஜூன் 10-க்கு முன் நெல் நாற்று நடக்கூடாது என்றார்கள். நெல் அறுப்பும் அதற்கேற்பத் தள்ளும். அப்புறம் வைக்கோல். கொளுத்தினால் அபராதம், கொளுத்தாவிட்டால், வைக்கோலுக்கு நடுவிலேயே கோதுமை விதைக்கும் ஹேப்பி சீடர் இயந்திரத்துக்கு வரிசை.
நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் நவம்பர் முதல் வாரமே விதைத்தவர். அவருக்கும் குறைந்தது. அறுவடை இயந்திரம் ஓட்டியவர் தொட்டி நிறையாததைப் பார்த்து, காற்றாடிதான் மணியைப் பின்னால் தள்ளுகிறது என்று வண்டியை நிறுத்தி இறங்கினார். வைக்கோலைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். கீழே ஒன்றும் கொட்டவில்லை.

லூதியானா மாணவி:
கர்னால் அண்ணா, நீங்கள் நெல்லையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பெரியவர் நெல்லுக்கு அப்புறம் உருளைக்கிழங்கு போட்டு, அதைத் தோண்டி எடுத்த பிறகுதான் கோதுமை விதைத்தார். அந்தப் பக்கம் உருளை போடுபவர்களிடம் அது வழக்கம்தான். கன்னா அண்ணா, பொட்டாசியம் நைட்ரேட்டும் தெளித்திருந்தார்.