மண்ணுக்குள்ள தூங்கின கம்பளிப்பூச்சிக் கூடு: பாத்தவங்க சொல்லுங்க

மானாவாரி, போளூர் பக்கம்:
கடலை போடுறவங்களுக்குக் கம்பளிப்பூச்சியப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. போன வருஷம் மாசியில வரப்போர வேம்புக்கு அடியில கல்லுக்கால் நடக் குழி எடுத்தேன். ஒரு சாண் ஆழத்துல மண்கட்டி உடைஞ்சு ஏழெட்டுக் கூட்டுப்புழு உருண்டுச்சு. ஒண்ண உள்ளங்கையில வச்சுப் பாத்தேன். செத்துப்போச்சுன்னு நெனச்சு விரலால தொட்டா, வால் நுனி மெதுவா ஒரு சுத்து சுத்தி நின்னுச்சு. ஆவணியில மண்ணுக்குள்ள போனது. ஆறு மாசமா தீனி இல்ல, மண்ணோ சுக்கா காஞ்சு கெடக்கு. நசுக்க மனசு வரல. உள்ள போட்டு மூடிட்டேன்.

ஆனிக் கடைசியில ஒரு பெருமழை. அன்னிக்கு ராத்திரியே வாசல் டியூப்லைட்டச் சுத்தி வெள்ளை அந்து. அடுத்த மாசம் கடலையில காம்புதான் மிச்சம். அந்த வால் சுத்தினது இன்னும் கையிலயே இருக்கு.

கடலைக்காடு:
அண்ணே, திரும்ப மூடலாமா? ஒரு தாய் அந்து இலைக்கு அடியில நூத்துக்கணக்குல முட்டை வைக்கும். ஆனா உங்க ஏழெட்டால மட்டும் காடு போயிருக்காது, பக்கத்துக் காட்டுப் புழுவும் ஊர்வலமா வந்திருக்கும்.

எங்கப்பா கோடை உழவு ஓட்டுறப்ப ஏருக்குப் பின்னாடியே மைனாவும் கொக்கும் நடந்து வரும். கூடு மேல வந்ததும் கொத்திக்கும். அதனால சித்திரையில ஆழமா உழுதுடுங்க. வேம்பு நிழல், வரப்போரம் விட்டுடாதீங்க, அங்கதான் அதிகம் இருக்கும். மழை பெஞ்ச அன்னிக்கு இருட்டினதும் காட்டுல தீ மூட்டுங்க, இல்லன்னா விளக்குப்பொறி வைங்க. ஒரே மழைக்கு எல்லாம் வெளிய வராது, அடுத்த மழைக்கும் வைக்கணும். கடலைக்கு நடுவுல தட்டைப்பயறு, ஆமணக்கு போட்டா முட்டை அங்க சேரும், இலையோட கிள்ளி அழிச்சிடலாம். புழு பக்கத்துக் காட்டுல இருந்து வந்தா ஓரமா ஒரு அடி ஆழம் வாய்க்கா வெட்டுங்க. குளிர் நாட்டுப் பூச்சி பனிக்குத் தூங்கும், நம்மூர்ப் பூச்சி வறட்சிக்குத் தூங்கும். மழைதான் எழுப்பும்.

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி:
எல்லாப் பூச்சிக்கும் அப்படிச் சொல்லாதீங்க. மாங்கொட்டை வண்டு மழைக்காலம் முழுக்கத் தூங்கும். கார்த்திகையில, அடைமழை விட்ட மறுநாள், நீலம் மாமரத்துப் பட்டை வெடிப்ப உரிச்சேன். மரப்பட்டை நெறத்துலயே ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தொட்டதும் காலை மடக்கிக்கிட்டு செத்த மாதிரி விழுந்துச்சு. பத்து நிமிஷம் உக்காந்து பாத்தேன், அசையவே இல்ல. நிமிந்து ஒரு பீடி பத்த வச்சுட்டுக் குனிஞ்சா, வண்டக் காணோம்.

ஆடியில கொட்டைய விட்டு வந்தது, மாமரம் பூக்குற வரைக்கும் பட்டைக்குள்ளயே இருக்கும். அதுக்கு மழையும் வேணாம், வெயிலும் வேணாம், பூதான் வேணும். பிஞ்சுல முட்டை வச்ச காயம் ஆறிடும். வெளிய பாத்தா பழம் நல்ல பழம், கொட்டைய வெட்டினா உள்ள வண்டு.

மானாவாரி, போளூர் பக்கம்:
தம்பி சொன்னபடி இந்தச் சித்திரையில உழுதேன். அதே வேம்போரம் மூணு கூடு மேல வந்துச்சு. மைனா ரெண்டு எறங்குச்சு. நான் மாட்டைப் பாக்குற மாதிரி திரும்பி நின்னுட்டேன்.