வீட்டுக் குப்பையைக் குறைக்கத் தொடங்கி நான்கு மாதங்களாகின்றன. குப்பை குறையவில்லை, மனக்கசப்புதான் கூடியிருக்கிறது

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம்: நான், என் கணவர், பதினான்கு வயது மகள், எட்டு வயது மகன், என் மாமியார். நான்கு மாதங்களுக்கு முன்பு ஒருநாள், வாசலில் வைத்திருந்த ஐந்து குப்பைப் பைகளைப் பார்த்தபோது, ஒரே வாரத்தில் இவ்வளவையும் நாங்கள்தானா கழித்துக் கட்டினோம் என்று மனம் துணுக்குற்றது. அன்றே இதைக் குறைத்தாக வேண்டும் என்று முடிவெடுத்தேன். துணிப்பைகள் வாங்கினேன், நெகிழி டப்பாக்களை எல்லாம் அகற்றிவிட்டுக் கண்ணாடிச் சாடிகளை அடுக்கினேன், காகிதம், நெகிழி, உலோகம், மக்கும் குப்பை என்று நான்கு தொட்டிகள் வைத்து ஒவ்வொன்றின் மேலும் பெயரெழுதி ஒட்டினேன், சமையலறைக் கழிவுக்கென்று மூடியுள்ள உரத்தொட்டி ஒன்றையும் கொண்டுவந்து வைத்தேன்.

இத்தனைக்குப் பிறகும் வாரம் நான்கு பைகளுக்குக் குறையாமல் போகின்றன. உரத்தொட்டி மூன்றாவது வாரத்திலேயே நாற்றமெடுத்துப் புழு வைத்துவிட்டது. அதைத் திறக்க இப்போது வீட்டில் யாருக்கும் மனமில்லை.

இவற்றைவிட என்னை வருத்துவது வேறொன்று. தொட்டி மாற்றிப் போட்டவற்றை எடுத்துக் காட்டி, யார் போட்டது என்று கேட்பது என் அன்றாட வழக்கமாகிவிட்டது. மகள் எதிர்த்துப் பேசுகிறாள். கணவர் எனக்குப் பதில் சொல்வதைத் தவிர்க்கிறார். சென்ற வாரம் மகனின் படுக்கைக்கடியில் தின்பண்ட உறைகள் சுருட்டி ஒளித்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். எந்தத் தொட்டியில் போடுவது என்று தெரியாததால் ஒளித்து வைத்ததாகச் சொன்னான். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மாமியார் மட்டும், "நீ இவ்வளவு சாமான் வாங்குவதற்கு முன்பு இந்த வீட்டில் இத்தனை குப்பை விழுந்ததில்லை" என்றார். அப்போது அது குத்தலாகப் பட்டது. இப்போது யோசித்தால் அதில் உண்மை இருக்குமோ என்று தோன்றுகிறது.

நான் எங்கே தவறினேன்? அந்த உரத்தொட்டியை இனியும் மீட்க முடியுமா? குடும்பத்தாரை வருத்தாமல் அவர்களையும் சேர்த்துக்கொண்டு இதைச் செய்ய வழி இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் பதில்

சகோதரி, நீங்கள் செய்தவற்றில் ஒன்றுகூடத் தவறான செயல் அல்ல, வரிசைதான் மாறிவிட்டது. தொட்டிகளைப் பிரித்து வைத்தீர்கள், ஆனால் அவற்றில் என்ன விழுகிறது என்பதைப் பார்ப்பதற்கு முன்பே பிரித்துவிட்டீர்கள். மேலும், தரம் பிரிப்பதால் குப்பை ஒழுங்காகுமே தவிரக் குறையாது. நான்கு தொட்டிகளிலும் சேர்ந்து விழுவது முன்பு ஒரே தொட்டியில் விழுந்த அதே அளவுதான்.

முதலில் பைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு எடை பாருங்கள். பையின் எண்ணிக்கை நம்மை ஏமாற்றும். நசுக்காத அட்டைப்பெட்டி இரண்டு போதும், ஒரு பை நிறைந்துவிடும். ஆனால் அதன் எடை மிகக் குறைவு. இரண்டு வாரங்களுக்கு எதையும் மாற்றாமல், யாரையும் எதுவும் சொல்லாமல், ஒவ்வொரு பையையும் நிறுத்து எழுதி வையுங்கள். பொருள் என்ன என்பதோடு அது ஏன் குப்பையானது என்பதையும் எழுதுங்கள். "காய்கறி, அரை கிலோ" என்பதைவிட, "காய்கறி, அரை கிலோ, வாங்கியது மறந்துபோய் அழுகியது" என்ற குறிப்புதான் பயன்படும், ஏனெனில் மாற்ற வேண்டியது என்ன என்பதை அந்தக் கடைசிப் பகுதிதான் சொல்கிறது.

நாங்கள் இப்படி எழுதிப் பார்த்தபோது எங்கள் குப்பையின் எடையில் பாதிக்கு மேல் உணவும் காய்கறிக் கழிவுமாகவே இருந்தது. அதுவரை நானும் உங்களைப் போல நெகிழியோடுதான் போராடிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு விதிவிலக்கு அல்ல என்பது பிறகு தெரிந்தது: உலக வங்கி 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகம் முழுவதும் நகராட்சிகள் கையாளும் திடக்கழிவில் 44 விழுக்காடு உணவும் தாவரக் கழிவும்தான். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, 2022-இல் மட்டும் 105 கோடி டன் உணவு வீணானதாகவும், அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில்தான் வீணானதாகவும் மதிப்பிடுகிறது. வீட்டில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 79 கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். நானூறு கிலோவை நெருங்கும்.

இந்தக் கழிவு குப்பைக் கிடங்கில் மண்ணுக்கும் பிற குப்பைக்கும் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வெளிப்படுகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல் எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. அதனால்தான், மூங்கில் பல்துலக்கியைவிட, அழுகாமல் உண்ணப்பட்ட ஒரு கிலோ காய்கறி பெரிய காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்களுக்குப் பலன் தந்தவை எளிய ஏற்பாடுகள்தாம். குளிர்சாதனப் பெட்டியில் கண்மட்டத்தில் உள்ள தட்டை "முதலில் தீர்க்க வேண்டியவை" என்று ஒதுக்கினோம். மிச்சமான சமையல், வாடத் தொடங்கிய காய்கறி, பாதி வெட்டிய பழம் எல்லாம் அங்கேதான் இருக்கும். கடைக்குப் புறப்படுபவர் அந்தத் தட்டைப் பார்க்காமல் புறப்படக் கூடாது என்பது ஒன்றே விதி. பெட்டியின் வெப்பநிலையையும் சரிபாருங்கள். 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் உணவு நீண்ட நேரம் தாங்கும். பொட்டலங்களில் அச்சிட்டிருக்கும் தேதிகளும் ஒரே பொருள் தருவன அல்ல. "இந்தத் தேதிக்கு முன் உண்பது சிறந்தது" என்பது தரத்தைப் பற்றியது. அதைக் கடந்த உணவை முகர்ந்தும் சுவைத்தும் முடிவெடுக்கலாம். "இந்தத் தேதிக்குள் பயன்படுத்துக" என்பது பாதுகாப்பைப் பற்றியது. அதை மீறக் கூடாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு நல்ல உணவைக் கொட்டும் வீடுகள் ஏராளம்.

இரண்டாம் பதில்

உரத்தொட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதைத் தாராளமாக மீட்கலாம், கொட்டிவிடாதீர்கள்.

ஈரமான சமையலறைக் கழிவை மட்டும் தொடர்ந்து போட்டு, காற்றுப் புகாதபடி மூடி வைத்திருந்தீர்கள் என்று ஊகிக்கிறேன். முதன்முறை உரம் போடும் எல்லோரும் செய்வது இதுதான், நானும் செய்தேன். மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவும் வேண்டும், மூச்சுவிடக் காற்றும் வேண்டும். காய்கறித் தோலில் நைட்ரஜன் மிகுதி. சருகு, கிழித்த அட்டை, மரத்தூள் ஆகியவற்றில் கரிமம் மிகுதி. கலவையில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கரிமம் 25 முதல் 30 பங்கு வரை இருந்தால் சீராக மக்கும். தராசு வைத்து இதைக் கணக்கிட வேண்டியதில்லை: ஒரு கிண்ணம் ஈரக்கழிவு போட்டால் அதன்மேல் இரண்டு கிண்ணம் காய்ந்த பொருள் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வந்து குவியும் அட்டைப்பெட்டிகளில் ஒட்டுநாடாவை உரித்துவிட்டுக் கையால் கிழித்துப் போட்டாலே போதும்.

நாற்றத்தை முகர்ந்தே குறையை அறியலாம். மூக்கை அரிக்கும் நெடி அடித்தால் அது அம்மோனியா. நைட்ரஜன் மிஞ்சிவிட்டது, காய்ந்த பொருள் சேர்க்க வேண்டும். அழுகிய முட்டையின் நாற்றம் வந்தால் காற்றில்லை, நீர் தேங்கியிருக்கிறது. கிளறிவிட்டு, தொட்டியின் அடியிலும் பக்கத்திலும் துளையிட வேண்டும். கைப்பிடி அளவு எடுத்துப் பிழிந்தால் பிழிந்த துணியைப் போல் ஈரம் தெரிய வேண்டும். சொட்டுச் சொட்டாக வடிந்தால் ஈரம் அதிகம். புழுக்கள் பெரும்பாலும் ஈக்களின் இளம்புழுக்கள். அவை தீங்கு செய்பவை அல்ல, மக்குவதற்கு உதவக்கூடியவையும்கூட. ஈக்கள் புதிதாக முட்டையிடாமல் இருக்க, ஈரக்கழிவு எப்போதும் காய்ந்த பொருளால் மூடப்பட்டிருக்கட்டும்.

ஒரு விடுமுறை நாளில் முழுவதையும் வெளியே கொட்டி, கிழித்த அட்டையையும் சருகையும் தாராளமாகக் கலந்து, துளையிட்ட தொட்டியில் திரும்ப நிரப்புங்கள். சில நாள்களில் நாற்றம் அடங்கிவிடும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண்ணின் வாசம் வர மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். அந்த வாசத்தை முதன்முதலில் நுகர்ந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். இறைச்சி, எலும்பு, எண்ணெய் மிகுந்த உணவு, பாற்பொருள்கள் ஆகியவற்றைச் சிறிய தொட்டியில் போட வேண்டாம். "மக்கும் நெகிழி" என்று அச்சிட்ட பைகளும் குவளைகளும் பெரும்பாலும் 60 டிகிரி அளவில் வெப்பம் நீடிக்கும் தொழிற்கூடங்களில் மக்குவதற்கென்று செய்யப்பட்டவை. வீட்டுத் தொட்டிக்கு அந்தச் சூடு வராது, அவை அப்படியே கிடக்கும்.

மூன்றாம் பதில்

ஒரு சிறு திருத்தம் சொல்ல விரும்புகிறேன், வருந்த வேண்டாம். இருந்த நெகிழி டப்பாக்களை அகற்றிவிட்டுச் சாடிகள் வாங்கியது தேவையில்லாத செயல். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பொருளை அது உடையும்வரை பயன்படுத்துவதே மிகக் குறைந்த குப்பை. சூடான உணவை மட்டும் அவற்றில் வைக்காமல் இருந்தால் போதும். துணிப்பைக்கும் இதுவே பொருந்தும்: இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெப்பமயமாதல் கணக்கில் ஒரு பருத்திப் பை, ஒருமுறை மட்டும் பயன்படும் மெல்லிய நெகிழிப் பைக்கு நிகராவதற்கே 131 முறை பயன்பட வேண்டும். எனவே இரண்டு மூன்று பைகளைக் கந்தலாகும்வரை பயன்படுத்துங்கள். கடைகள் இலவசமாகத் தரும் துணிப்பைகளை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நெகிழிப் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது எந்த வகை நெகிழி என்பதை மட்டுமே காட்டுகிறது. உங்கள் பகுதியில் அதை மறுசுழற்சிக்கு எடுப்பார்கள் என்ற உறுதியை அது தராது.

நான்காம் பதில்

அம்மா, உங்கள் மகன் உறைகளை ஒளித்து வைத்ததைப் படித்ததும் எனக்கு நெஞ்சு கனத்தது. என் மகளும் ஒருகாலத்தில் இப்படிச் செய்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் எதுவும் நகர்ந்தது.

நீங்கள் தனியாக முடிவெடுத்து, தனியாக வாங்கி, தனியாக விதி எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். மற்ற நால்வருக்கும் கிடைத்தது கீழ்ப்படியும் வேலை மட்டும்தான். தொட்டியின் முன்னால் நின்று கண்காணிக்காதீர்கள். அங்கே வரும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது; பொருள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில்தான் முடிவு நடக்கிறது. அந்த இடத்தை ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து கொடுங்கள். கணவர் வாராந்தரக் கொள்முதலை ஏற்கட்டும். மகள் தனக்கு வரும் உடைகளையும் இணையவழிப் பொட்டலங்களையும் தானே பார்த்துக்கொள்ளட்டும். அவற்றில் எதை வாங்குவது என்பதில் நீங்கள் தலையிடாதீர்கள், ஆனால் வந்த உறைகளை அவளே பிரித்து அடுக்கட்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எடை பார்த்துச் சுவரில் கோடு வரையும் பொறுப்பைவிட மகிழ்ச்சியான வேலை இருக்க முடியாது. நான்கு தொட்டிகளையும் இரண்டாக்குங்கள்: ஈரம், உலர்ந்தது. உலர்ந்ததை வாரம் ஒருமுறை எல்லோரும் அமர்ந்து பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

உங்கள் மாமியார் சொன்னதைக் குத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குப்பை குறைவாக விழுந்த ஒரு வீட்டை நடத்திய அனுபவம் உங்கள் ஐவரில் அவருக்கு மட்டுமே இருக்கிறது. அதை எப்படிச் செய்தார் என்று அவரிடம் கேட்டீர்களா?

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் உடனே மீதமிருந்த உறைகளையும் புத்தகப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவன்தான் இப்போது எடை பார்க்கிறான். எதையும் மாற்றாத முதல் இரண்டு வாரங்களின் சராசரி 13 கிலோ; அதில் 7 கிலோவுக்கு மேல் ஈரக்கழிவு, அதிலும் ஏறத்தாழ பாதி, உண்ணாமலே வீணான உணவு. சென்ற வாரம் மொத்தம் 9 கிலோ. உரத்தொட்டியைக் கொட்டிக் கலந்த வேலையைக் கணவர் செய்தார். ஐந்தாம் நாளில் நாற்றம் நின்றது.

மாமியாரிடம் கேட்டேன். சமைக்கும் முன் ஒவ்வொருவரிடமும் இன்று வீட்டில் சாப்பிடுகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் அளவு எடுத்ததாகச் சொன்னார். நாங்கள் யாரும் அதைக் கேட்பதே இல்லை. இப்போது காலையில் அவர் கேட்கிறார், நாங்கள் சொல்கிறோம்.

மகளோடு இன்னும் முழுமையாகச் சரியாகவில்லை. ஆனால் அவளாகவே தன் மேசை இழுப்பறையைத் துப்புரவு செய்து, பழைய கைப்பேசிகள் இரண்டையும் ஒரு கைப்பிடி பேட்டரிகளையும் கொண்டுவந்து வைத்து, இவற்றை எங்கே போடுவது என்று கேட்டாள். எனக்கும் விடை தெரியவில்லை.

இரண்டாம் பதிலை எழுதியவர்

அவற்றை இரண்டு தொட்டிகளில் எதிலும் போட வேண்டாம். லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். பேட்டரிகளின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, ஒன்றோடொன்று உரசாதபடி உலர்ந்த பெட்டியில் வைத்து, மின்னணுக் கழிவைப் பெற்றுக்கொள்ளும் மையத்திலோ, பழைய கருவிகளைத் திரும்பப் பெறும் விற்பனையகத்திலோ ஒப்படையுங்கள். 2022-இல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. இவை தவிர, பழைய கருவிகள் பல வீடுகளில் இப்படி இழுப்பறைகளிலும் கிடக்கின்றன. கைப்பேசிகளில் ஒன்று இன்னும் இயங்கினால், அதிலுள்ள தரவை அழித்துவிட்டுத் தேவைப்படும் ஒருவருக்குக் கொடுக்கலாம். ஏதேனும் ஒரு பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ துளைக்கவோ கூடாது. மணல் நிரப்பிய உலோக டப்பாவில் வைத்து, அறைக்கு வெளியே வைத்திருந்து, அதை முதலில் கொண்டுபோய்க் கொடுங்கள்.