சென்னைய விட்டு ஊருக்கே போயிடலாமா? மாசம் 15,000-ல நாலு பேரும் அம்மாவும் வாழ முடியுமா?

அம்பத்தூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டு இருக்கிற விஷயம், இங்க அனுபவப்பட்டவங்க இருக்கீங்கன்னுதான் கேக்குறேன். வயசு 41, ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், கைக்கு 46,000 வருது. வாடகை 14,000, அதுக்கு மேல மெயின்டனன்ஸ், ரெண்டு பசங்க ஸ்கூல் பீஸ், வேன், தண்ணி கேன், பெட்ரோல்னு போயி மாசம் 25 தேதிக்கு மேல கார்டைத் தேய்ச்சுதான் ஓடுது. பெரிய கடன் எதுவும் கிடையாது. 12 வருஷமா சேத்தது பேங்க்ல 9 லட்சம் இருக்கு.

ஊர் பெரம்பலூர் மாவட்டம், செட்டிகுளத்துலேர்ந்து கொஞ்ச தூரம். அப்பா போயி மூணு வருஷம் ஆச்சு, அம்மா ஓட்டு வீட்ல தனியா இருக்காங்க. ஒண்ணரை ஏக்கர் கரிசல் மானாவாரி, கிணத்துப் பாசனத்துல 40 சென்ட், கிணறு பங்காளிங்களோட கூட்டு.

போன பொங்கலுக்குப் போயி பத்து நாள் இருந்தோம். அம்மா அப்ப துவரை உடைக்கிற வேலைல இருந்தாங்க. ஊற வெச்ச துவரைய செம்மண் கொழப்பி அதுல பெரட்டி, ராத்திரி பூரா குமிச்சு வெச்சு, மூணு நாள் வெயில்ல காய வெச்சு, மண்ண சலிச்சுட்டு திருகைல போட்டாங்க. எம்பொண்ணு பக்கத்துல உக்காந்து குழில ஒரு கை ஒரு கையா போட்டுக்கிட்டே இருந்தா, அம்மா சுத்துனாங்க, ஓரத்துலேர்ந்து பருப்பு ரெண்டு ரெண்டா பொளந்து மஞ்சளா கொட்டுச்சு. அத வேக வெச்சப்ப வந்த வாசம் சின்ன வயசுக்கு அப்புறம் நான் பாக்கவே இல்ல. அந்தப் பத்து நாள்ல நான் பர்ஸ எடுத்தது மூணு தடவதான், அதுல ஒண்ணு அம்மாவோட சுகர் மாத்திரைக்கு. திரும்பி வந்து கிளாம்பாக்கத்துல இறங்குன நிமிஷத்துலேர்ந்து கை பாக்கெட்டுக்குள்ளயேதான் இருக்கு.

அங்க போயி பக்கத்து அரிசி மில்லு, உரக்கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் குடுத்தா மாசம் 12, 15 ஆயிரம் வரும்னு சொல்றாங்க. அது போதுமா? பையன் அஞ்சாவது, பொண்ணு மூணாவது. உண்மைய சொல்லுங்க.

பச்சமலை அடிவாரம்:

அண்ணே, நான் திருப்பூர்லேர்ந்து ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு, நானும் பொண்டாட்டியும் ரெண்டு பசங்களும். மொத மாசத்துலேர்ந்து செலவு நோட்டு எழுதுறேன். இப்ப எங்களுக்கு மாசம் 11,000-லேர்ந்து 13,000 ஆகுது. ஆனா ஒண்ண தெளிவா புரிஞ்சுக்கணும், கிராமத்துல சாமான் மலிவுன்னு நெனச்சு வந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க. எங்க ஊர் பொட்டிக்கடைல சோப்பு, ஷாம்பு, பிஸ்கட்டு எல்லாம் சின்னச் சின்ன பாக்கெட்டா வாங்கினா உங்க சூப்பர் மார்க்கெட்ட விட ஜாஸ்தி ஆகும். காசு மிச்சமாகுறதே வாங்காம விடுறதுலதான்.

எங்க வீட்டு வெவரம் சொல்றேன். கரண்டு பில்லு பெரும்பாலும் சைபர்தான், ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட் 2016-லேர்ந்து இலவசம், ரெண்டு பேன் நாலு லைட்டு டிவி மட்டும் இருக்கிற ஓட்டு வீட்டுக்கு அது போதுது, வெயில் காலத்துல மட்டும் கொஞ்சம் தாண்டும். ஏசியும் கெய்சரும் வந்தா அந்தக் கணக்கு போச்சு. கேஸ் சிலிண்டர் திருப்பூர்ல 35 நாள் வந்துச்சு, இங்க குளிக்கத் தண்ணி காய வைக்கிறதும் சோறு ஆக்குறதும் வெறகுல, அதனால மூணு மாசத்துக்கு மேல வருது. எண்ணெய் வாங்குறதே இல்ல. கடலை போடுறோம், பருப்பு பத்து கிலோ செக்குக்குக் குடுத்தா நாலு லிட்டர் முன்ன பின்ன எண்ணெய் வருது, புண்ணாக்கு மாட்டுக்கு. புளி மாசி பங்குனில ஒரே தடவ, கொட்டை எடுத்து உப்பு போட்டு பானைல அமுக்கி வெச்சா வருஷம் தாங்கும். கொல்லைல ரெண்டு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, பப்பாளி, ஆடில போட்ட அவரையும் பீர்க்கனும் வேலில ஏறிடும், அப்புறம் மார்கழி வரைக்கும் காய்க்கு கடைக்குப் போறது கொறைஞ்சிடும். மிச்சமான கொத்தவரங்காய், சுண்டைக்காய், மொளகா எல்லாம் வத்தலாயிடும்.

விவசாயத்துல சம்பாதிக்கணும்னு மட்டும் கணக்கு போடாதீங்க அண்ணே, கெஞ்சி கேக்குறேன். உங்க பக்கம் மக்காச்சோளம்தான் எல்லாரும் போடுவாங்க, 2018-ல படைப்புழு வந்து மொத்தக் காடும் போன கதைய உங்க அம்மாகிட்ட கேளுங்க. சின்ன வெங்காயமும் அப்படித்தான், ஒரு வருஷம் கிலோ 100 போகும், இன்னொரு வருஷம் பட்டறைலயே கெடந்து முளைச்சுப் போகும். அந்த 40 சென்ட்ல மொதல்ல நீங்க திங்கிறத போடுங்க, மிஞ்சினத விக்கலாம். மானாவாரில துவரை, உளுந்து, கொஞ்சம் சாமை. உங்களுக்குக் கணக்கு எழுதுற வேலை தெரியும், கைல காசு அதுலேர்ந்து வரட்டும், நெலம் சாப்பாடு போடட்டும்.

தேனிக்காரி:

ரெண்டு பேர் எழுதினதையும் படிச்சேன், நல்லா இருக்கு, ஆனா ஒரு வார்த்தை கூட உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்கன்னு இல்லையே தம்பி? நான் கல்யாணம் ஆகி கிராமத்துக்கு வந்து 17 வருஷம் ஆகுது, கிராம வாழ்க்கைய கொறை சொல்ல வரல, எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. ஆனா வெறகு அடுப்புல சிலிண்டர் மிச்சம்னா அந்தப் புகைல யார் நிக்கிறாங்க? வத்தல் போட்டா, புளி தட்டுனா, மாவு ஆட்டுனா, சாணி அள்ளுனா, குழா தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்தா யார் எந்திரிச்சு புடிக்கிறது? காசு மிச்சமாகுற ஒவ்வொரு எடத்துலயும் ஒரு வேலை இருக்கு, அந்த வேலை பாதிக்கு மேல பொம்பளைங்க தலைலதான் விழுது. எங்க வீட்ல மொத ஏழு வருஷம் அப்படித்தான் போச்சு, எனக்கு முதுகு வலி வந்து படுத்தப்பதான் எங்க வீட்டுக்காரரு அடுப்படிக்கு வந்தாரு. இப்ப தண்ணி, வெறகு, மாடு மூணும் அவரு பொறுப்பு. இத வர்றதுக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க.

அப்புறம் நல்லதையும் சொல்றேன். டவுனுக்குப் போக வெள்ளை போர்டு பஸ்ல 2021-லேர்ந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அது எனக்கு எவ்ளோ பெரிய விடுதலைன்னு ஆம்பளைங்களுக்குச் சொன்னா புரியாது, ஒரு நூல்கண்டு வாங்கணும்னாகூட யாரையும் கேக்காம கெளம்பிடலாம்.

பசங்க விஷயத்துல ஒண்ணு கவனிங்க. உங்க பையன் இப்ப அஞ்சாவதுங்கிறீங்க. மெடிக்கல் சீட்ல கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல வந்துச்சுல்ல, அது ஆறாவதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சாதான். டாக்டர் ஆகுறானோ இல்லையோ, போறதா இருந்தா ஆறாவது சேக்கும்போதே போங்க, பாதில இழுத்துக்கிட்டுப் போனா பையனுக்கும் கஷ்டம். ஆனா போறதுக்கு முன்னாடி அந்த ஸ்கூல போயி நேர்ல பாருங்க, எத்தன வாத்தியார் இருக்காங்க, கக்கூஸ் சுத்தமா இருக்கான்னு பாருங்க. எங்க ஊர்ல நல்லா இருக்கு, எல்லா ஊர்லயும் அப்படி இருக்கும்னு சொல்ல மாட்டேன்.

பேராவூரணி பெருசு:

தம்பி, யாரும் மொய்ய பத்தி பேசல. எனக்கு 63 வயசு, சொல்றத கேட்டுக்கங்க. சோத்துக்கும் துணிக்கும் நீங்க கணக்கா இருந்துடலாம், ஆனா தை, மாசி, வைகாசி, ஆவணில மட்டும் பத்திரிக்கை எத்தனை வரும்னு பாருங்க. காதுகுத்து, கல்யாணம், சடங்கு, கிடாவெட்டு, அதோட கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி. சென்னைல இருந்தா வர முடியலன்னு சொல்லி ஜீபேல 500 போட்டுடலாம், ஊர்ல குடியிருந்துட்டு போகாம இருக்க முடியாது, 500-ம் எழுத முடியாது. எங்க பக்கம் ஆடி ஆவணில மொய் விருந்தே நடக்கும், கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி சுத்துல எல்லாருக்கும் தெரியும். அது ஒரு வகைல நல்ல ஏற்பாடுதான், வட்டிக்கு வாங்காம ஒரு மனுஷனுக்கு மொத்தமா காசு கெடைக்கும். ஆனா நமக்கு வந்தத திருப்பி எழுதணும், கூட்டி எழுதணும், அதுக்கு ரொக்கம் வேணும்.

உங்க அப்பா மொய் நோட்டு வீட்ல இருக்கான்னு பாருங்க. அவரு யாருக்கு எவ்ளோ எழுதியிருக்காரு, யார்கிட்ட வாங்கியிருக்காருன்னு உக்காந்து ஒரு நாள் கணக்கு போட்டுட்டு அப்புறம் உங்க 15,000-த்த பிரிங்க. மாசம் 2,000 இதுக்குன்னே தனியா எடுத்து வெக்கணும். உங்களுக்கு ஆடம்பரமா விசேஷம் வெக்கப் புடிக்கலன்னா அத மொதல்லயே சொந்தத்துல சொல்லிடுங்க, சொல்லிட்டா ஒரு வருஷம் பேசுவாங்க, அப்புறம் விட்டுடுவாங்க. நான் எம்பொண்ணு கல்யாணத்த குலதெய்வம் கோயில்ல 150 பேருக்கு எலை போட்டு முடிச்சேன். கடன் இல்லாம.

கரூர் தறி:

எனக்கு நடந்தத எழுதுறேன், பயமுறுத்தணும்னு இல்ல. 2017-ல ஊருக்கு வந்தேன், கைல 7 லட்சம் இருந்துச்சு. மொத வருஷமே கோடைல கிணறு வத்திப் போச்சு, எல்லாரும் சொல்றாங்கன்னு போர் போட்டேன், 650 அடி, வெறும் பொகை. மறுபடி இன்னொரு எடத்துல தேங்காய் வெச்சுப் பாத்து போட்டோம், 800 அடி, கொஞ்சம் கசிவு வந்து ரெண்டே மாசத்துல நின்னுடுச்சு. மோட்டார் பைப்போட சேத்து மூணு லட்சத்துக்கு மேல மண்ணுக்குள்ள போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் எங்க சித்தப்பா சொன்னத கேட்டேன், கிணத்த தூர் வாரி, வரப்ப ஒசத்தி, மழைத் தண்ணி காட்ட விட்டு வெளிய போகாம பண்ணோம், அதுக்கு 40,000 கூட ஆகல. ஐப்பசி கார்த்திகை மழைல கிணறு பாதிக்கு வந்துச்சு. உங்களுக்குக் கூட்டுக் கிணறுங்கிறதால முறை எப்படி, எத்தன மணி நேரம் உங்க பங்குன்னு பங்காளிங்ககிட்ட பேசி ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. அந்த 9 லட்சத்துல போருக்கு ஒரு ரூபா எடுக்காதீங்க.

அடுத்தது ஆஸ்பத்திரி. எங்க அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சு வலி, 108 வந்துடுச்சு, வண்டிலயே பாத்துக்கிட்டாங்க, ஆனா பெரிய ஆஸ்பத்திரி 48 கிலோமீட்டர். பொழைச்சுட்டாரு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருக்கணும். நாங்க கார்டு எடுக்காம விட்டதால அன்னிக்கு அலைஞ்சது சொல்லி மாளாது. உங்க கணக்கு எழுதுற வருமானம் அதத் தாண்டுனா தனியா ஒரு இன்சூரன்ஸ் போட்டுட்டு வாங்க, கம்பெனி இன்சூரன்ஸ் வேலைய விட்ட அன்னிக்கே நின்னுடும். அம்மா சுகர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம்ல வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சு வையுங்க.

கல்லுப்பட்டி:

அக்கவுண்ட்ஸ்னு சொன்னதும் ஒருத்தரு ஞாபகம் வந்துட்டாரு. ஜே.சி.குமரப்பா. லண்டன்ல ஆடிட்டருக்குப் படிச்சு, பாம்பேல தொழில் பண்ணி, அமெரிக்கா போயி கொலம்பியால பொருளாதாரம் படிச்சவரு, 1929-ல காந்திய பாத்ததுக்கு அப்புறம் எல்லாத்தையும் விட்டுட்டு கிராமத் தொழிலு, எண்ணெய் செக்கு, கைக்குத்தல் அரிசி, வெல்லம்னு அதுலயே எறங்கிட்டாரு. கடைசி காலத்துல எங்க டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன்லதான் இருந்தாரு, 1960 ஜனவரி 30-ல போனாரு. சின்ன வயசுல எங்க வாத்தியார் அங்க கூட்டிட்டுப் போனாரு, அவ்ளோ படிச்சவரு தங்குன எடம் எங்க வீட்ட விடச் சின்னதா இருந்தது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. பணத்தை மட்டும் வெச்சு ஒரு ஊரோட வளத்த அளக்கக் கூடாதுன்னு அவரு சொன்னது, மேல செக்கு எண்ணெய் கணக்கப் படிச்சப்ப எனக்கு நல்லா புரிஞ்சுது. கணக்கு தெரிஞ்ச ஆளுங்க ஊருக்குத் திரும்பி வரணும் சார், இங்க கூட்டுறவு சங்கத்துலயும் பால் சொசைட்டிலயும் சரியா கணக்கு எழுத ஆள் இல்லாம தவிக்கிறாங்க.

அம்பத்தூர்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ படிச்சேன். தேனிக்காரி அக்கா எழுதினத நேத்து ராத்திரி வீட்டம்மாகிட்ட போன்லயே காட்டுனேன். படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னா, எனக்கு ஊர் பயமில்ல, வேலையும் பயமில்ல, ஆனா குளியலறையும் கழிப்பறையும் வீட்டை ஒட்டி கட்டணும், நான் தையல் மிஷின் போட்டு என் கைக்கு ஒரு வருமானம் வர வழி பண்ணணும், உங்க அம்மாவும் நானும் ஒரே அடுப்புல எவ்ளோ நாள் ஒத்து வருவோம்னு பாத்துட்டுதான் வேலைய விடணும்னு. மூணும் நியாயம்தான். ஏப்ரல் கடைசில பரீட்சை முடிஞ்சதும் அவளும் பசங்களும் ஊருக்குப் போறாங்க, நான் சனி ஞாயிறு போயி வரேன், ஜூன்ல பையன் ஆறாவது எங்க சேருறான்னு அதுக்குள்ள தெரிஞ்சிடும். ஸ்கூலையும் அப்ப பாத்துடுவோம்.

அப்பாவோட மொய் நோட்டு பரண்மேல டிரங்க் பொட்டில இருக்குதாம், அம்மா சொன்னாங்க. 1994-லேர்ந்து எழுதியிருக்காராம்.

இன்னொரு சந்தேகம். எங்க காடு பூராவும் கரிசல், அம்மா துவரைக்குச் செம்மண் யார்கிட்டயோ வாங்குறாங்க. பச்சமலை அண்ணே, உங்க பக்கம் நல்ல செம்மண் கெடைக்குமா?

பச்சமலை அடிவாரம்:

எங்க வீட்டுக்குப் பின்னாடியே இருக்கு. கல்லு இல்லாம சலிச்சு ஒரு மூட்டை கட்டி வெக்கிறேன், மே மாசம் வரும்போது வண்டிய இந்தப் பக்கம் திருப்புங்க. காசு வேணாம், உங்க வீட்டுத் துவரம்பருப்பு ஒரு படி குடுங்க, எங்க மண்ணுல துவரை சரியா வர மாட்டேங்குது.