புதுப்பிப்பு: மாமாவின் பெட்டியில் கிடந்த மடோனா

திருகோணமலை உவர்மலை வீட்டில் மாமாவின் தகரப் பெட்டிக்குள் இரண்டு 12 அங்குல இசைத்தட்டுகள் கிடைத்தன, ஒன்றின் உறையில் பாடகியின் படமே இல்லை, அது போலித் தட்டா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். போலி இல்லை.

அது அமெரிக்கப் பாடகி மடோனாவின் முதல் சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு) ‘எவ்ரிபடி’. 1982 ஒக்டோபரில் சயர் நிறுவனம் வெளியிட்டது. உறையில் இருப்பது நியூயோர்க் தெருக்காட்சி மட்டுமே. முகம் தெரியாததால் பாடியவர் கறுப்பினப் பெண் என்றே அன்று பலர் நினைத்தார்கள். இரு பக்கமும் அதே பாட்டுத்தான். பின்பக்கத்தில் ‘டப்’ வடிவம்: குரலைக் குறைத்து, தாளத்தை நடனக் கூடத்துக்காக நீட்டியிருக்கிறார்கள். மற்றது 1983 மார்ச்சில் வந்த ‘பர்னிங் அப்’. முதல் அல்பமே அந்த ஜூலையில்தான் வந்தது.

கடற்காற்று உறையின் ஓரங்களைத் தின்றுவிட்டது. தட்டின் பள்ளங்களில் வெள்ளைப் பூஞ்சணம். காய்ச்சி வடித்த நீரில் மென்துணியை நனைத்து, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்தேன். (தேங்காயெண்ணெய் பூசச் சொன்னவரை மன்னித்துவிட்டேன்.)

ஊசியை வைத்ததும் முதலில் சடசடவென்று மழை. பிறகு பாஸ் ஒலி எழுந்தது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கப்பலில் வேலை பார்த்த மாமா கதிரையில் இருந்தபடியே காலால் தாளம் போட்டார்.

விலை கேட்டவர்களுக்கு: விற்கமாட்டேன். “எந்தத் துறைமுகத்தில் வாங்கினீர்கள், மாமா?” என்று கேட்டால் சிரிக்கிறார். மாமி பக்கத்தில் இருக்கிறார்.