ஃபெலிக்ஸ்டோ பறக்கும் படகுகளால் உண்மையில் பலன் இருந்ததா?

கடலோடி:
முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஃபெலிக்ஸ்டோ தளத்திலிருந்து வடகடல் ரோந்துக்கு அனுப்பிய பறக்கும் படகுகளை (தண்ணீரில் இறங்கி ஏற, படகு மாதிரி அடிப்பாகம் கொண்ட விமானங்களை) இங்கே பலரும் கொண்டாடுகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. மூழ்கடித்ததாக அன்று சொன்ன ஜெர்மன் நீர்மூழ்கிகளில் பல, வேறு காரணங்களால் அழிந்தவை. 1917 மே மாதக் கணக்கில் சேர்த்த யூசி-36 நீர்மூழ்கி பற்றியே இன்று பலத்த சந்தேகம் இருக்கிறது. இதற்கா இவ்வளவு செலவு?

நெய்தல்வாசி:
நண்பரே, மூழ்கியதை மட்டும் எண்ணினால் ரோந்து எதற்கு என்பதே புரியாது. 1917 ஏப்ரலில் தொடங்கிய ‘சிலந்தி வலை’ என்ற ரோந்துத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடகடலில் மிதக்கும் கலங்கரை விளக்கமாக நின்ற நார்த் ஹிண்டர் விளக்குக் கப்பலை நடுவில் வைத்து, எட்டுத் திசைக்கும் 30 மைல் கோடு இழுத்தார்கள். சுமார் 4,000 சதுர மைல் கடல். நீர்மேல் வரும் நீர்மூழ்கி அதைக் கடக்கப் பத்து மணி நேரம் ஆகும். விமானச் சத்தம் கேட்டால் உள்ளே போயாக வேண்டும். பேட்டரியை மிச்சம் பிடிக்க நடை வேகத்தில்தான் ஊர முடியும். அந்த நேரத்தில் அதனால் கப்பலைத் துரத்த முடியாதே! அதுதான் பலன்.

கடலோடி:
சரி, ஆனால் அந்த வேலைக்கு வான்கப்பல் (வாயு நிரப்பி, எஞ்சினால் ஓடும் பெரிய பலூன்) போதுமே? பறக்கும் படகு ஆறு மணி நேரம் பறக்கும். சிறிய வான்கப்பல்கூட பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கான்வாய்க்கு, அதாவது காவலோடு கூட்டமாகப் போகும் கப்பல்களுக்கு, மேலேயே நிற்கும்.

நெய்தல்வாசி:
இங்கிலாந்தின் மேற்குக் கரையில் நிற்கும். வடகடலில்? 1917-லேயே சி-17, சி-27 என்ற இரண்டு வான்கப்பல்களை ஜெர்மன் கடல்விமானங்கள் சுட்டு எரித்துவிட்டன. ஃபெலிக்ஸ்டோவின் எஃப்.2ஏ ரகப் பறக்கும் படகில் நாலைந்து லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன, திருப்பிச் சுட்டது. அதற்கு முன்னோடியான அமெரிக்காவின் கர்டிஸ் படகுக்கு அடிப்பாகம் பலவீனம். அலையில் இறங்கி ஏறுவதற்குத் தாங்கும்படி அதை மாற்றியவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் போர்ட். காசநோயால் கடற்படையை விட்டு ஒருமுறை வெளியேறிய மனிதர். 1919-ல் 35 வயதில் இறந்தார். அவர் உழைப்பை வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாலுமிமகன்:
கடலோடி அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1918 ஜூன் 4 அன்று ஐந்து படகுகள் டச்சுக் கரைப் பக்கம் போயின. அதில் ஒன்று, எதிரியின் குண்டு படாமலேயே, பெட்ரோல் குழாய் உடைந்து கடலில் இறங்கியது. அதைத் தண்ணீரிலேயே ஓட்டி டச்சுக் கரை சேர்த்தார்கள். மற்றவை 14 ஜெர்மன் கடல்விமானங்களோடு மோதின. எஞ்சின் நன்றாக இருந்தும் ஒரு குழாய் காலை வாரியது!

கடலோடி:
அதைத்தான் சொல்கிறேன் தம்பி. கரையிலிருந்து அவ்வளவு தூரம் அனுப்புகிற விமானத்தில் குழாயை நம்ப முடியாவிட்டால் அதை ரோந்து விமானம் என்று எப்படிச் சொல்வது? அந்தச் சண்டைக்கு அப்புறம்தான் படகுகளுக்குப் பளிச்சென்று பட்டை பட்டையாக வண்ணம் அடித்தார்கள். கடலில் விழுந்து கிடந்தால் மேலே வருகிறவன் கண்ணில் பட வேண்டுமே.