சீட் ஷீட்டா, பிட்டுப் பேப்பரா?

பனிமூட்டம் (கோத்தகிரி):
எல்லாருக்கும் வணக்கம். சாயங்காலம் எங்கள் வீட்டில் எட்டுப் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி சொல்லித் தருகிறேன். எல்லாரும் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள். இருப்பது மூன்று லேப்டாப். லிஸ்ட், டிக்‌ஷனரி, ஃபார் லூப், ஃபைல் திறப்பது, இவ்வளவையும் ரெண்டு பக்கத்தில் அடக்கி ஆளுக்கு ஒரு சீட் ஷீட், அதாவது பார்த்துப் பார்த்து எழுத ஒரு குறிப்புத் தாள், கொடுத்தேன். நேற்று ஒரு பையனின் அண்ணன், கோவையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவர், அதைப் பார்த்துவிட்டு "என்ன டீச்சர், நீங்களே பிட்டு எழுதிக் கொடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போது சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் செய்தது தப்பா?

கல்லட்டி36 (ஊட்டி):
தப்புதான்க்கா, கோவிச்சுக்காதீங்க. பதினொரு வருஷமா இந்தப் பொழப்புல இருக்கேன். தாளைப் பார்த்து எழுதிப் பழகினவன் கடைசி வரைக்கும் தாளைத்தான் தேடுவான். கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு. மசினகுடிக்குத் தினம் ஜீப் ஓட்டுற ஆளு போர்டைப் பார்த்தா கியர் மாத்துறாரு?

பூம்பாறைபூண்டு (கொடைக்கானல்):
முதல் நாளே போர்டு பார்க்காம இறங்கின ஆளு யாராச்சும் இருந்தா சொல்லுங்க தலைவா. மாலை வாங்கிட்டு வரேன், எதுக்குன்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.

கல்லட்டி36:
முதல் நாளைக்கு ஒத்துக்கறேன். எத்தனை நாளைக்கு முதல் நாள்? 2006ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் மாணவர்களை வெச்சு சோதிச்சாங்க. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வெச்ச பரீட்சையில ஜெயிச்சாங்க. ஒரு தடவை படிச்சுட்டு, பார்க்காம நினைவுல இருந்து எழுதிப் பார்த்தவங்க ஒரு வாரம் கழிச்சு ஜெயிச்சாங்க. தாள் கையில இருந்தா எந்தப் பிள்ளை நினைவுல இருந்து எழுதும்?

வெலிங்டன்தாத்தா (குன்னூர்):
தம்பி, நான் ரிட்டயர் ஆனவன். எங்கள் காலத்தில் ஐபிஎம் சிஸ்டம்/360 என்ற பெரிய கம்ப்யூட்டருக்குப் பச்சை நிறத்தில் ஒரு மடிப்பு அட்டை உண்டு. கட்டளை ஒவ்வொன்றுக்கும் மெஷினுக்குள் உள்ள ஹெக்ஸ் எண் (பதினாறின் அடிப்படையில் எழுதுவது), எழுத்து ஒவ்வொன்றுக்கும் அந்த மெஷின் வைத்திருக்கும் எப்சிடிக் எண், எல்லாம் அதில் இருக்கும். அடுத்து சிஸ்டம்/370 வந்தபோது அட்டை மஞ்சளானது. புரோகிராம் நடுவில் செத்துப்போனால் மெமரி டம்ப்பை, அதாவது அந்த நேரத்தில் மெமரியில் இருந்ததையெல்லாம், எண்களாகக் கட்டுக்கட்டாக அச்சடித்துக் கொடுப்பார்கள். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து விரித்துக்கொண்டு உட்காருவோம். யாரும் அதைப் பிட்டு என்று சொன்னதில்லை. அட்டை இல்லாமல் வந்தவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். 58 என்றால் லோடு, 50 என்றால் ஸ்டோர், 5ஏ என்றால் கூட்டல். இன்றைக்கும் மறக்கவில்லை. காலையில் மாத்திரை போட்டேனா என்பது மறந்துவிடுகிறது. இதை நான் மனப்பாடம் செய்ய உட்கார்ந்ததே கிடையாது, பார்த்துப் பார்த்து ஏறியதுதான்.

பச்சைஇலை (கட்டபெட்டு):
நான் கல்லட்டி பக்கம். பட்டவன் சொல்றேன். ஒரு தேயிலை ஃபாக்டரிக்குப் பச்சை இலை எடை போட்டுச் சீட்டு அடிக்கிற புரோகிராம் எழுதினேன். எடை மெஷின் பக்கம் பைத்தான், பில் பக்கம் ஜாவான்னு இன்னொரு மொழி. டேபிளுக்கு மேல பைத்தான் சீட் ஷீட் ஒட்டியிருந்தேன். அதுல தேதிக்கு சின்ன எம் போட்டா மாசம், பெரிய எம் போட்டா நிமிஷம். ஜாவாவுல அப்படியே தலைகீழ். தெரியாதா என்ன? தெரியும். ஆனா தாளைப் பார்த்துப் பார்த்துக் கை பழகிப்போய் ஜாவாவுலயும் சின்ன எம் போட்டுட்டேன். எரர் வந்தாலாவது பரவாயில்ல, வரல. மே மாசம் காலையில 9.05க்கு சோதிச்சேன், மாசம் 05ன்னு காட்டுச்சு. சரியா இருக்குன்னு வீட்டுக்குப் போயிட்டேன்.
ரெண்டு நாள் கழிச்சு ஒரு பாட்டியம்மா சீட்டோட வந்து நின்னாங்க. "ஏந்தம்பி, நாப்பத்திரெண்டாம் மாசம் எப்ப வரும்? அப்பத்தான் காசு குடுப்பீங்களா?" 9.42க்கு எடை போட்ட இலை.

பூம்பாறைபூண்டு:
பாட்டி பேச்சுல நியாயம் இருக்கு. அந்த மாசத்துக்குள்ள பச்சை இலை விலை ஏறினாலும் ஏறும்.

பனிமூட்டம்:
பச்சைஇலை அண்ணா, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். இதில் தாள் என்ன தப்பு செய்தது? பைத்தான் தாள் பைத்தானுக்குச் சரியாகத்தானே சொல்லியிருக்கிறது. ஜாவாவில் எழுதும்போது நீங்கள் எந்தத் தாளையும் பார்க்கவில்லை, நினைவை நம்பினீர்கள். கல்லட்டி தம்பி சொல்கிற மாதிரியே செய்திருக்கிறீர்கள்.

பச்சைஇலை:
அட... இப்ப யோசிச்சா ஆமா. ஜாவாவுக்கும் ஒண்ணு பக்கத்துல ஒட்டியிருந்தா தப்பிச்சிருப்பேன். வருஷத்துக்கும் இதே கதைதான். பைத்தானுக்குப் பெரிய ஒய் சரி. ஜாவாவுல பெரிய ஒய் போட்டா அந்த வாரம் எந்த வருஷத்தைச் சேர்ந்ததுன்னு பார்க்கும், 2019 டிசம்பர் 31ஐ 2020 டிசம்பர் 31ன்னு அடிச்சுக் குடுக்கும்.

கல்லட்டி36:
அதுக்குள்ள கட்சி மாறிட்டீங்களாண்ணா! சரி, நினைவை விடுங்க. தாள்ல இருக்கறது சரிதான்னு யாரு பொறுப்பு? பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பர்ல. பழைய வெர்ஷன் பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1ஓட காரியம் முடிஞ்சுது. இன்னைக்கும் வாட்ஸப்புல சுத்துற தாள்ல பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி கிடையாது, 3ஐ 2ஆல வகுத்தா 1னு போட்டிருக்கு. பைத்தான் 3ல அது 1.5. பைத்தானுக்குள்ளயே ஹெல்ப்னு கேட்டா பதில் வரும். நெட் வேண்டாம். உங்க மெஷின்ல எந்த வெர்ஷன் இருக்கோ அதுக்கே உரிய பதில். அதை விட்டுட்டுத் தாள் எதுக்கு?

பனிமூட்டம்:
என் தாள் நானே எழுதி, ஒவ்வொரு வரியையும் ஓட்டிப் பார்த்துப் போட்டது. வாட்ஸப் சரக்கு இல்லை. ஹெல்ப் கேட்டுப் பாருங்கள் தம்பி, பக்கம் பக்கமாக இங்கிலீஷ் கொட்டும். இவர்கள் தமிழ் மீடியம், ஏழாவதும் எட்டாவதும். தவிர மூன்று பேர் லேப்டாப்பில் இருக்கும்போது மீதி ஐந்து பேர் என்ன செய்வது? போன ஜூலையில் கரண்ட் கம்பிமேல் மரம் விழுந்து ரெண்டு நாள் கரண்ட் இல்லை. தாளைப் பார்த்து நோட்டில் புரோகிராம் எழுதி வைத்திருந்தார்கள். கரண்ட் வந்ததும் லேப்டாப்புக்கு அடிதடி.

கல்லட்டி36:
ஐந்து பேர் விஷயம் எனக்குத் தோணல. சரி, ஒண்ணு பண்ணுங்க. ஒரு நாள் தாளை வாங்கி வெச்சுட்டு வெள்ளைத் தாள் குடுங்க. அவங்கவங்களுக்கு வேண்டிய தாளை அவங்களே எழுதட்டும். அன்னைக்குத் தெரிஞ்சுடும்.

பனிமூட்டம் (மூன்று நாள் கழித்து):
கொடுத்தேன். ரெண்டு பையன்கள் பேர் மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், அது உங்கள் கணக்கில். மூன்று பேர் என் தாளையே அரைகுறையாக எழுதினார்கள். எட்டாவது படிக்கிற ஒரு பெண் என் தாளில் இல்லாத ஒரு வரி எழுதியிருந்தாள்: "-7 // 2 போட்டா -4 வருது, -3 இல்ல. ஏன்னு டீச்சருக்கும் தெரியல." நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

கல்லட்டி36:
ரெண்டு கோடு போட்டு வகுத்தா முழு எண்தான் வரணும். -3.5ஐ பைத்தான் அப்ப எப்பவும் கீழ்ப்பக்கமா இறக்கும், -3.5க்குக் கீழ இருக்கிற முழு எண் -4. சி, ஜாவா மொழி ரெண்டும் புள்ளிக்கு அப்புறம் இருக்கறதை வெட்டிப் போட்டுடும், அதனால அங்க -3. நான் இதை வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம் ஒரு பில்லுல அடிபட்டுக் கத்துக்கிட்டேன். அந்தப் பொண்ணு எழுதினது இருக்கட்டும்க்கா. சுவத்துல மட்டும் ஒட்ட விடாதீங்க.

பனிமூட்டம்:
ஆடி மாதக் கோத்தகிரியில் சுவரில் எது ஒட்டும் தம்பி? போன வருஷக் காலண்டரே பூசணம் பிடித்துக் கீழே விழுந்தது.